வடசென்னையிலிருந்து ஹேட்ரியன் சுவருக்கு: 135 கிலோமீட்டர் நடக்கத் தயாராவது எப்படி

வேளாங்கண்ணிக்கு நடந்து போய்விட்டு வந்தவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருக்கிற பகுதி வடசென்னை. இங்கிலாந்தில் 135 கிலோமீட்டர் நடைப்பாதை ஒன்று இருக்கிறது, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றால் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் யாரும் மலைத்துப்போகமாட்டார்கள். தூரம் இங்கே பிரச்சினையே இல்லை. ஈரப் புல், மேல்காற்று, எட்டரை மணிக்கே அடுப்பை அணைத்துவிடும் சாப்பாட்டுக் கடை, ஜனவரியிலேயே நிரம்பிவிடும் அறைகள், இவைதான் ஆளைக் கவிழ்க்கும். பாதயாத்திரையில் வழிநெடுக மோர்ப் பந்தலும் அன்னதானமும் உண்டு. அங்கே அரை நாள் நடந்தும் ஒரு டீக்கடை கண்ணில் படாமல் போகலாம்.

பாதையின் பெயர் ஹேட்ரியன்ஸ் வால் பாத். வடக்கு இங்கிலாந்தைக் குறுக்கே கடந்து போகிறது. கிழக்கு முனை நியூகாசிலை ஒட்டிய வால்ஸெண்ட். மேற்கு முனை சால்வே கழிமுகத்தின் ஓரத்தில் இருக்கும் போனெஸ் என்ற சின்ன ஊர். மொத்தம் 84 மைல். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய எல்லைச் சுவரை ஒட்டிப் போகும் இந்தப் பாதை 2003-இல் தேசிய நடைப்பாதையாகத் திறக்கப்பட்டது. சுவர் 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 135 கிலோமீட்டரும் சுவரைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம் என்று போகாதீர்கள். கிழக்குப் பக்கம் நெடுந்தூரத்துக்குச் சுவர் ரோட்டுக்கு அடியில் கிடக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ராணுவத்துக்காக ரோடு போட்டவர்கள் சுவரை இடித்து அதன்மேலேயே போட்டார்கள். மேற்குப் பக்கம் வீட்டுக்கும் சர்ச்சுக்கும் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கண் நிறையச் சுவர் கிடைப்பது நடுவில் இருக்கும் பாறை முகட்டில்தான். மற்ற இடங்களில் ஒரு பள்ளம், ஒரு மேடு, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் இதைவிட நீளமான, பேர் பெற்ற பாதைகள் பல உண்டு. முதல் தடவை போகிறவர்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் ரயில். நியூகாசிலுக்கும் கார்லைலுக்கும் நடுவே ஓடும் ரயில் பாதை, நடைப்பாதைக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளிக் கூடவே வருகிறது. ஹெக்ஸம், பார்டன் மில், ஹால்ட்விசில் என்று நடுநடுவே ஸ்டேஷன். முட்டி பிடித்துக்கொண்டால் டாக்ஸி பிடித்து ரயிலேறிவிடலாம். கோடையில் ஏ.டி.122 என்ற பஸ்ஸும் ஹெக்ஸமுக்கும் ஹால்ட்விசிலுக்கும் நடுவே கோட்டைகளைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது; சுவர் தொடங்கிய ஆண்டுதான் அதன் நம்பர். இந்த இரண்டும் இருப்பதால் தைரியமாகப் போகலாம்.

எப்போது, எந்தத் திசையில், எத்தனை நாள்

மே 1 முதல் அக்டோபர் 31 வரைதான் இந்தப் பாதையின் சீசன். வழியில் ஏழு இடத்தில் முத்திரை குத்திக்கொள்ளும் சின்ன பாஸ்போர்ட் அட்டை உண்டு. அதற்கும் இதே தேதிகள்தான். குளிர்காலத்தில் வராதீர்கள் என்று பாதையைப் பராமரிப்பவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். ஊறிப்போன புல்தரையில் கால் பட்டால் மண் பெயரும், அடியில் இருக்கும் ரோமர் காலத் தடயங்கள் பாழாகும். அதனால்தான் புல்வெளியில் ஒருவர் பின் ஒருவராகப் போகாமல், பக்கத்தில் பக்கத்தில் பரவலாக நடக்கச் சொல்கிறார்கள். சுவர்மேல் ஏறி நடப்பது கூடவே கூடாது. ஊன்றுகோல் கொண்டுபோனால் முனையில் ரப்பர் குல்லா போட்டிருக்க வேண்டும்.

நம் பள்ளி விடுமுறையைக் கணக்குப் பார்த்து மே கடைசி வாரத்தில் போட்டால் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே அந்த வாரம் பள்ளிகளுக்கு அரைப்பருவ விடுமுறை; மே கடைசித் திங்கள் அரசு விடுமுறை. அறை கிடைக்காது. பிள்ளைகளோடு போகிறவர்கள் மே நடுவில் போங்கள், மற்றவர்கள் ஜூன் இரண்டாவது வாரம் அல்லது செப்டம்பர். ஜூனில் காலை நாலரைக்கு விடிந்து இரவு ஒன்பதே முக்காலுக்குத்தான் பொழுது சாயும். பகலில் 18, 20 டிகிரி. இரவில் 10 வரை இறங்கும்.

திசையைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து அடிப்பதால் மேற்கே தொடங்கிக் கிழக்கே நடந்தால் காற்று முதுகில் தள்ளும் என்பது ஒரு கட்சி. எங்கள் கட்சி வால்ஸெண்டில் தொடங்குவது. முதல் இரண்டு நாள் தரை மட்டம். கால் பழகிய பிறகு முகடு வருகிறது. நகரத்தை விட்டு நாளுக்கு நாள் ஆள் அரவம் குறைந்துகொண்டே போய்க் கழிமுகத்தில் முடிகிறது. எண்ணும் ஒத்துவருகிறது: ரோமானியர்கள் ஒவ்வொரு ரோம மைலுக்கும், அதாவது சுமார் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒரு சிறு கோட்டை கட்டினார்கள், ஆய்வாளர்கள் அவற்றுக்குக் கிழக்கிலிருந்து எண் போட்டிருக்கிறார்கள். ஜி.என்.டி. ரோட்டில் மைல்கல் பார்க்கிற மாதிரி இதைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குப் பக்கத்தில் இருப்பது 37, காஃபீல்ட்ஸில் 42, கில்ஸ்லண்டில் 48.

வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் ஆறு நாள் போடுகின்றன. ஆறு நாள் என்றால் மூன்று நாள் 24 கிலோமீட்டர், ஒரு நாள் 26. மேடுபள்ளமில்லாத ஊரிலிருந்து போகிற உடம்புக்கு எட்டு நாள் சரி. முதல் நாள் பாதி நாளாக வால்ஸெண்டிலிருந்து நியூகாசில் ஆற்றங்கரை வரை 8 கிலோமீட்டர். மறுநாள் அங்கிருந்து ஹெட்டன்-ஆன்-தி-வால் வரை 16. மூன்றாம் நாள் சாலர்ஃபோர்டு வரை 24. இது நீளம், ஆனால் மேடு பள்ளம் குறைவு. நான்காம் நாள் ஸ்டீல் ரிக் வரை 19. அங்கே இறங்கினால் ஒன்ஸ் ப்ரூட் என்ற இடத்தில் தி சில் என்ற பெரிய யூத் ஹாஸ்டல் இருக்கிறது. அடுத்தது கில்ஸ்லண்ட் வரை சுமார் 13, பிறகு வால்டன் வரை சுமார் 13, கார்லைல் வரை 18, கடைசி நாள் போனெஸ் வரை 24. ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்றால் அதை ஒன்ஸ் ப்ரூட்டில் வையுங்கள். பக்கத்திலேயே விண்டோலாண்டா கோட்டை. அங்கே 1973 முதல் தோண்டியெடுத்த மெல்லிய மரச் சீட்டுகளில் ரோமச் சிப்பாய்களின் வரவுசெலவுக் கணக்கு இருக்கிறது. ஒன்றில் மிளகு, இரண்டு தினாரி (ரோம வெள்ளிக் காசு) என்று வருகிறது. அந்தக் காலத்தில் மிளகு போனது நம் பக்கத்துக் கடலோரத்திலிருந்துதான்.

முதலில் அறை, பிறகு விசா, கடைசியில் விமானம்

வரிசை மாறினால் பணம் போகும். நடுப்பகுதியில் ஊர்கள் சின்னவை. ஒரு ஊருக்கு இரண்டு மூன்று வீடுகளில்தான் தங்க அறை விடுவார்கள். அது நிரம்பினால் அன்றைய நடையின் கணக்கே குலைந்துவிடும். ஜூனில் நடக்க ஜனவரியிலேயே பதிய வேண்டும். ஸ்டீல் ரிக், கில்ஸ்லண்ட், வால்டன் மூன்றையும் முதலில் பிடியுங்கள். நியூகாசில், கார்லைல் பெரிய ஊர்கள், அவை எப்போதும் கிடைக்கும். கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள். சில வீடுகளில் சனிக்கிழமை ஒரு ராத்திரிக்கு மட்டும் தரமாட்டார்கள். நடையைச் சனிக்கிழமை தொடங்கும்படி வைத்தால் அந்த ராத்திரி நியூகாசிலிலேயே கழிந்துவிடும்.

வேண்டியது ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா. பயணத் தேதிக்கு 3 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். முடிவு வர வழக்கமாக 3 வாரம். அதற்கு முன்னால் விமான டிக்கெட்டை வாங்கிவிடாதீர்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது சுகர், பிபி இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பிற்பாடு பணம் கேட்கும்போது அதையே காரணம் காட்டுவார்கள்.

கூடாரம் போட்டு எங்கே வேண்டுமானாலும் படுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பாதையில் நில உரிமையாளர் அனுமதியில்லாமல் கூடாரம் போடுவது சட்டப்படி தவறு. முகாம் இடங்கள் தனியாக இருக்கின்றன. மூட்டையை வேனில் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவை உண்டு. முதல் தடவைக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள், வீண் செலவில்லை. முதுகில் 9, 10 கிலோ இருப்பதற்கும் 4 கிலோ இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் முட்டிக்குத் தெரியும்.

பூட்ஸ்

இந்த நடையில் பாதியில் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் பாதத்தால்தான் திரும்புகிறார்கள். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சின்ன வயதிலிருந்து செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த பாதம் முன்பக்கம் அகலமாக இருக்கும். கடையில் நீளத்தை மட்டும் பார்த்து வாங்கினால் சுண்டுவிரல் நசுங்கும். சாயங்காலம் போங்கள், பகலெல்லாம் நடந்து கால் வீங்கியிருக்கும், அதுதான் உண்மையான அளவு. தடிமனான நடைச் சாக்ஸ் போட்டுக்கொண்டு, லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் இறங்க வேண்டும். விரல்களை உள்ளே விரித்துப் பார்த்தால் விரிய வேண்டும். கடையிலேயே சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். பெருவிரல் நகம் முன்னால் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம். இடித்தால் கார்லைல் போய்ச் சேருவதற்குள் நகம் கறுத்துவிடும்.

பரணில் ஐந்து வருடமாகக் கிடக்கும் பழைய பூட்ஸைத் தூசி தட்டி எடுத்துப் போகாதீர்கள். மேலே புதுசு மாதிரியே இருக்கும். ஆனால் அடித்தட்டில் இருக்கும் பாலியூரித்தேன் நுரை, ஈரக் காற்றிலும் வெக்கையிலும் உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோயிருக்கும். கடலோர ஊரில் இது இன்னும் சீக்கிரம். நடக்காமல் வைத்திருந்தாலும் சிதையும். கட்டைவிரலால் அடித்தட்டின் பக்கவாட்டை அழுத்திப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்தாலோ நுண்ணிய விரிசல் தெரிந்தாலோ இரண்டாம் நாள் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிடும்.

புது பூட்ஸில் கிளம்புவதற்கு முன் 80 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும். சென்னை வெயிலில் அதைப் போடுவது கொடுமைதான். ஆனாலும் விடிகாலையில் போட்டுத்தான் ஆக வேண்டும். கொப்புளம் வருவதற்கு முன்னால் ஒரு இடத்தில் சூடு கிளம்பும். அந்த நொடியே உட்கார்ந்து, காலைத் துடைத்து, டேப் ஒட்டுங்கள். டேப்பின் முனைகளை வட்டமாக வெட்டி ஒட்டினால் சாக்ஸில் மாட்டி உரியாது. அடுத்த ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தால் தோல் உரிந்திருக்கும். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது சாக்ஸ் மாற்றுங்கள். நகத்தை நேராக, கிளம்புவதற்கு நாலு நாள் முன்பே வெட்டுங்கள். நனைந்த பூட்ஸை ஹீட்டர்மேல் வைத்தால் பசை விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, அது ஊறியதும் எடுத்துவிட்டு வேறு திணித்தால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

எம்.சி. ரோட்டில் வாங்கலாம், வாங்கக்கூடாது

காட்டன் சட்டை, ஜீன்ஸ் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இங்கே நல்லது செய்கிற காட்டன் அங்கே எதிரி. நனைந்தால் சீக்கிரம் காயாது. 12 டிகிரியில் காற்றும் சேர்ந்து அடித்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆள் நடுங்குவார், பிறகு பேச்சு குழறும், கால் இடறும். அந்தக் கட்டத்தில் ஸ்வெட்டர் போட்டுப் பெரிய பயனில்லை; குளிர்வதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். பாலியெஸ்டர் டீ-ஷர்ட் இரண்டு, சீக்கிரம் காயும் பேன்ட் இரண்டு, கம்பளிச் சாக்ஸ் மூன்று ஜோடி, ஃப்ளீஸ் ஒன்று, காதை மூடும் குல்லா, மெல்லிய கையுறை. ஜூன் மாதத்துக்குக் கையுறையா என்று கேட்பீர்கள். வின்ஷீல்ட்ஸ் முகட்டில் தூறலோடு காற்றடிக்கும்போது கேட்கமாட்டீர்கள். டீ-ஷர்ட்டும் ட்ராக் பேன்ட்டும் எம்.சி. ரோட்டில் விலை குறைவாகவே கிடைக்கும். மூன்று முனை ப்ளக் அடாப்டரைப் பர்மா பஜாரில் வாங்கிவிடுங்கள். அங்கே தட்டையான முள், நம் ப்ளக் போகாது.

மழைக்கோட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கடலுக்குப் போகிறவர்கள் போடும் பிளாஸ்டிக் கோட்டு மழையைத் தடுக்கும். ஆனால் ஏறி இறங்கி நடக்கும்போது வியர்வை வெளியே போகாமல் உள்ளிருந்தே நனைக்கும். காற்றுப் போகும், நீர்புகாத கோட்டு வேண்டும். உள்ளே புரட்டிப் பார்த்தால் தையல்மேல் எல்லாம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். போட்டுக்கொண்டு பாத்ரூம் ஷவருக்கு அடியில் பத்து நிமிஷம் நில்லுங்கள். தோளில் ஈரம் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். கீழே போட நீர்புகாத பேன்ட் தனியாக. குடை வேண்டாம், முகட்டில் முதல் காற்றிலேயே கம்பி மடங்கிவிடும். பைக்கு மேலுறை மட்டும் போதாது, முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். அரிசி மூட்டைக்குள் போடுகிற கனமான பாலிதீன் உறை ஒன்றைப் பைக்குள் விரித்து அதற்குள் துணியை வையுங்கள்.

டி.எச். ரோட்டில் பயிற்சி

12 வாரம் போதும். வாரம் மூன்று நாள் 5 கிலோமீட்டர், ஞாயிறு ஒரு நீள நடை. ஞாயிற்றுக்கிழமையை 8-இல் தொடங்கி வாரத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டராக ஏற்றி 20-க்குக் கொண்டுவாருங்கள். நமக்கு நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021-இல் நீட்டித்த மெட்ரோ வழி 9 கிலோமீட்டர். டோல்கேட், தேரடி என்று அதை ஒட்டியே டி.எச். ரோட்டில் விம்கோ நகர் வரை போய்த் திரும்பி வந்தால் 18. வால்டனிலிருந்து கார்லைல் போகிற தூரம். முடியாத நாளில் திரும்பும்போது மெட்ரோ இருக்கிறது. காலை நாலே முக்காலுக்குக் கிளம்புங்கள். எண்ணூர் விரைவுச் சாலை வேண்டாம். கண்டெய்னர் லாரி வரிசையில் ஓரம் என்று ஒன்று கிடையாது.

மேடுபள்ளமில்லாத ரோடு மூச்சுக்கும் பாதத்துக்கும் உதவும். தொடைக்கு உதவாது. ஹவுஸ்டெட்ஸிலிருந்து மேற்கே முகடு ரம்பப் பல் மாதிரி இருக்கும். முப்பது நாற்பது மீட்டர் இறங்கி, உடனே அதே அளவு ஏறி, மறுபடி இறங்க வேண்டும். கல் படிகள் ஈரத்தில் வழுக்கும். வலி ஏறும்போது வராது, இறங்கும்போதுதான் தொடையில் வரும். நாலு மாடி ஹவுசிங் போர்டு பிளாக் ஒன்று போதும்: ஒரு தடவை ஏறினால் சுமார் 12 மீட்டர். பத்து தடவையில் தொடங்கி 25-க்குக் கொண்டுபோனால் 300 மீட்டர். பையில் இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டு, அதாவது 4 கிலோ. லிஃப்ட் இருந்தாலும் இறங்க அதைத் தொடாதீர்கள். மாதம் ஒரு தடவை பெரம்பூரில் ரயிலேறித் திருத்தணி போய் 365 படியை மூன்று தடவை ஏறி இறங்கினால் முகடு பயமுறுத்தாது. முருகனையும் பார்த்த மாதிரி இருக்கும்.

நம் பயிற்சியில் கிடைக்காதது மேடுபள்ளமான புல்தரை. கணுக்கால் அதற்குப் பழகியிருக்காது. பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் இரண்டு நிமிஷம் நில்லுங்கள், பிறகு மற்றக் காலில். நிலை வந்தபின் கண்ணை மூடிக்கொண்டு. தாழங்குப்பம் பக்கம் மணலில் வாரம் ஒரு அரைமணி நடந்தாலும் நல்லது. பத்தாம் வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து 18, 18 நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் காலை பூட்ஸைக் கட்டும்போது எங்கே வலிக்கிறதோ அதுதான் அங்கேயும் வலிக்கப்போகும் இடம். கடைசி வாரம் சும்மா இருங்கள்.

பாதையில்

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நியூகாசிலுக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். டிக்கெட்டை முன்கூட்டி எடுத்தால் விலை வெகுவாகக் குறையும். நியூகாசிலிலிருந்து மெட்ரோவில் வால்ஸெண்ட். ஸ்டேஷனில் லத்தீனில் எழுதிய பலகைகளைப் பார்க்கலாம். சில நிமிஷ நடையில் செகெடூனம் கோட்டை, அங்கிருந்துதான் தொடக்கம். கப்பல் கட்டிய ஊர் அது. டைட்டானிக்கில் தப்பியவர்களை மீட்ட கார்பேத்தியா இங்கே கட்டியதுதான். துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதல் எட்டு கிலோமீட்டர் அந்நியமாகத் தெரியாது. ஆனால் அது தார்த் தரை. உற்சாகத்தில் வேகமாக நடந்தால் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு வலி எடுக்கும்.

வழிகாட்டிப் பலகைகளில் ஓக் மரத்துக் கொட்டை படம் போட்டிருக்கும். தேசிய நடைப்பாதைகள் எல்லாவற்றுக்கும் அதுதான் சின்னம். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. பாதை தனியார் பண்ணைக்குள் புகுந்து போகும். திருட்டுத்தனமாக நுழைகிறோமோ என்று தயங்க வேண்டாம், நடக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். ஆடு தண்ணீர் குடிக்கப் போகிற வழியாக இருக்கும். பலகைகளில் தூரம் மைலில் இருக்கும். போன் சிக்னல் நடுப்பகுதியில் விட்டுவிட்டு வரும், ஆகவே வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிவையுங்கள். காகிதத்தில் வேண்டுமென்றால் பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓ.எல்.43 வரைபடம் நடுப்பகுதிக்குச் சரியானது. மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி கூடுதல் என்று 1892-இல் நெய்ஸ்மித் என்ற மலையேறி ஒரு கணக்கு சொன்னார். நமக்கு முகட்டில் மணிக்கு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்றால் 999 அல்லது 112. விசில் ஒன்று கழுத்தில் இருக்கட்டும். நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஊதினால் உதவி கேட்பதாக அர்த்தம்.

மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மூலக்கொத்தளத்தில் நடு ரோட்டில் படுத்திருக்கும் மாட்டைத் தட்டிவிட்டுப் போகிற பழக்கம் அங்கே ஆகாது. வயலில் மேயும் மாடுகளுக்கு அந்நியர் பழக்கமில்லை. கன்றோடு இருந்தால் முட்டும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாமல், வேலி ஓரமாகச் சுற்றிப் போங்கள். இளங்காளைகள் கூட்டமாகப் பின்னால் ஓடிவரும். பெரும்பாலும் வேடிக்கை பார்க்கத்தான். திரும்பி நின்று கையை விரித்தால் நின்றுவிடும். ஓடினால் அவையும் ஓடிவரும். புதர் ஓரம் செந்தட்டி மாதிரி அரிக்கும் செடி உண்டு. உயரமான புல்லில் நடந்தபின் முட்டிக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் விடுவது, தீக்குச்சி வைப்பது எல்லாம் வேண்டாம்.

சாப்பாடு

ஹெட்டனைத் தாண்டினால் பாதையில் பெரிய கடை என்பது கார்லைலில்தான். காலை உணவு தங்கும் வீட்டில். மத்தியானத்துக்கு முதல் நாள் ராத்திரியே சொல்லிவைத்தால் பொட்டலம் கட்டித் தருவார்கள். ராத்திரி பப்பில். வெளிச்சம் இருக்கிறதே என்று ஒன்பது மணிவரை நடந்துவிட்டுப் போனால் பீர் கிடைக்கும், சோறு கிடைக்காது. எட்டரைக்கே சமையலறையை மூடிவிடுவார்கள். மீனும் சிப்ஸும் சாப்பிடலாம் என்றால் எதில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வடக்கு இங்கிலாந்தில் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், சிப்ஸும் அதிலேயே. ஹலால் வேண்டுமென்றால் நியூகாசிலிலும் கார்லைலிலும் பார்த்துக்கொள்ள வேண்டும், நடுவில் சைவம்தான் வழி.

அறையில் தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் அநேகமாக இருக்கும். ஆகவே கெட்டி அவல் 750 கிராம், பருப்புப் பொடி 200 கிராம், புளிக்காய்ச்சல் ஒரு சின்ன பாட்டில். ஒரு கை அவலைக் கப்பில் போட்டுக் கொதிக்கும் தண்ணீர் மூழ்கும் அளவுக்கு ஊற்றிப் பத்து நிமிஷம் மூடிவைத்தால் பசி அடங்கும். கெட்டிலுக்குள் எதையும் போட்டுச் சமைக்காதீர்கள், அடுத்து வருபவருக்கு டீயில் பெருங்காயம் மணக்கும். பால்கோவா, பால் சேர்த்த இனிப்பு, இறைச்சி எதுவும் கொண்டுபோக அனுமதியில்லை. கடலை மிட்டாய் நாளுக்கு மூன்று. சுகருக்கு மாத்திரை, இன்சுலின் போடுகிறவர்கள் கிளம்பும் முன் டாக்டரிடம் அளவைப் பேசிக்கொள்ளுங்கள். நாளெல்லாம் நடக்கும்போது சுகர் திடீரென்று இறங்கும். குளுக்கோஸ் பைக்குள் வேண்டாம், சட்டைப் பையில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், இரண்டு லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள். ஓடைத் தண்ணீர் வேண்டாம், மேலே ஆடு மேயும். மேற்குப் பக்கம் சில வீட்டு வாசலில் தின்பண்டப் பெட்டி வைத்திருப்பார்கள், ஆள் இருக்காது; காசைப் போட்டு எடுத்துக்கொள்வது. அதற்குச் சில்லறை வேண்டும்.

கடைசி நாளின் கடல் ஏற்றம்

காசிமேட்டுக்காரர்களுக்குக் கடல் ஏற்றமும் வற்றமும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். சால்வேயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது எட்டு மீட்டர்வரை போகும். டைக்ஸ்ஃபீல்டிலிருந்து ட்ரம்பர்க் வரை ஒரு நேரான ரோடு, இரண்டு பக்கமும் சதுப்பு நிலம். பெரிய ஏற்றத்தில் அந்த ரோடே தண்ணீருக்குள் போய்விடும். அலை அடித்துக்கொண்டு வராது. வாய்க்கால்கள் வழியாகச் சத்தமில்லாமல் ஏறி, பின்னால் சூழ்ந்துகொள்ளும். அறை பதியும்போதே கடைசி நாளின் தேதிக்கு அலை அட்டவணையைப் பாருங்கள். உச்ச ஏற்றத்துக்கு ஒரு மணி முன்பும் பின்பும் அந்த ரோட்டில் இருக்கக் கூடாது. டைக்ஸ்ஃபீல்டில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, நின்று படியுங்கள். ரோட்டில் தண்ணீர் பளபளத்தால் காத்திருங்கள், இறங்கிப் போய்விடும். வழி கேட்கும்போது ட்ரம்பர்க் என்றால் புரியாது. ட்ரம்ப்ரஃப் என்று கேளுங்கள்.

போனெஸில் பாதை முடியும் இடத்தில் கழிமுகத்தைப் பார்த்தபடி ஒரு சின்ன மண்டபம். வால்ஸெண்ட் 84 மைல் என்று எழுதியிருக்கும். எதிர்க்கரையில் தெரிவது ஸ்காட்லாந்து. கார்லைலுக்குத் திரும்பும் பஸ் நாளுக்குச் சிலதான், ஞாயிற்றுக்கிழமையை நம்ப முடியாது. காலையில் கார்லைலை விடும் முன் நேரத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைக் குறிவைத்து நடங்கள்.